யாருடைய கபடி? ஊர்க்களத்திலிருந்து தொலைக்காட்சிக்கு

சின்ன வட்டத்தில், சிலரின் பிடிவாதத்தால் உயிரோடிருந்த ஓர் ஆட்டம் பெரும் பணத்தையும் பெரும் பார்வையாளரையும் அடையும்போது அது வளர்கிறதா, கைமாறுகிறதா? உலகில் பல இடங்களில் ரசிகர்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள். 1990களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிங்கோ விளையாட்டுக் கூடமான ஓர் அரங்கை வைத்து வளர்ந்த இசிடபிள்யூ என்ற மல்யுத்த நிறுவனம் 1999இல் நாடு தழுவிய கேபிள் ஒளிபரப்பைப் பெற்றது. 2001இல் அது திவாலானது. பெரிய மேடை அதைக் கொன்றதா, மேடைக்குப் போகும்போதே கடனில் இருந்ததா என்ற சண்டை அதன் ரசிகர்களிடையே இன்றும் ஓயவில்லை. 2019இல் தொடங்கிய ஏஇடபிள்யூ என்ற மல்யுத்த நிறுவனம் 2023இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தையே நிரப்பியது. மாற்று என்று சொல்லிப் புறப்பட்டது இன்னமும் மாற்றுதானா என்ற கேள்வி அதையும் துரத்துகிறது.

தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு மிக நெருங்கிய வழக்கு கபடிதான். 2014 ஜூலை 26ஆம் தேதி புரோ கபடி லீக் தொடங்கியது. அதன் பிறகு ஊர்க்களத்தில் ஆடுகிறவர்களும் அதைச் சுற்றி நின்று பார்க்கிறவர்களும் பலவிதமாக வாதாடி வருகிறார்கள். அவ்வாதங்கள் எங்கிருந்து பிறந்தன, எங்கே வலுவிழக்கின்றன என்பதை மரக்காணம் போன்ற ஒரு கடற்கரையை மனத்தில் வைத்துப் பார்க்கிறது இக்கட்டுரை. பெருநகர அரங்கிலிருந்து பார்த்தால் தெரியாத சில செலவுகள் அங்கிருந்து பார்த்தால் தெரியும்.

வேலை ஓய்ந்த மாதங்களின் ஆட்டம்

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது மரக்காணம். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் உப்பளப் பகுதி இது. பாத்திகளில் வேலை பொதுவாக ஜனவரிவாக்கில் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் நின்றுவிடும். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளிக்கு வருமானம் கிடையாது என்பதை ஏற்றுத்தான் தமிழக அரசு 2022 முதல் 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. பக்கத்து மீனவக் குப்பங்களில் கணக்கு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்.

ஊர்க்கபடியின் பருவம் இத்தகைய இடைவெளிகளில்தான் பொதுவாக அமைகிறது. பொங்கலை ஒட்டி ஒன்று, கோடை விடுமுறையையும் கோயில் திருவிழாக்களையும் ஒட்டி மற்றொன்று. சுவரொட்டிகளில் வரும் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்ற வாசகம் வட தமிழகக் கடலோரத்தில் யாருக்கும் புதிதல்ல. இரவில் விளக்குக் கட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, நுழைவுக் கட்டணம் வாங்கி, விடிய விடிய நடத்துவார்கள். பரிசு ரொக்கமும் சுழற்கோப்பையும். பணம் ஊரில் வசூலித்தது, பஞ்சாயத்துத் தலைவர் தந்தது, வெளியூரில் சம்பாதிக்கும் பையன்கள் அனுப்பியது. எந்த நிறுவனமும் இதற்கு உரிமையாளர் இல்லை. ஊர்க்களத்தின் சுயேச்சை என்று ரசிகர்கள் குறிப்பிடுவது இந்த ஏற்பாட்டைத்தான்.

ஆட்டம் கெட்டுவிட்டது என்ற வாதம்

முதலில் எழுந்ததும் அதிகம் உணர்ச்சியோடு சொல்லப்படுவதும் இந்த வாதம். மண்ணில் ஆடியதை, மேட் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் செயற்கை விரிப்புக்கு மாற்றினார்கள். பாடிப் போகிறவனுக்கு 30 விநாடிக் கடிகாரம் வைத்தார்கள். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் கூடுதல் புள்ளி தந்தார்கள். எல்லாமே தொலைக்காட்சிப் பார்வையாளர் சேனல் மாற்றாமலிருக்கச் செய்தவை என்பது இவர்கள் குற்றச்சாட்டு. முன்னிலையில் இருக்கும் அணி மெதுவாக நேரத்தைக் கரைப்பதும், எதிரணி பொறுமையிழக்கும்வரை காத்திருப்பதும் பழைய ஆட்டத்தின் அறிவு. அதில் பெரும்பகுதி போய்விட்டது என்கிறார்கள்.

இழப்பு உண்மைதான். ஆனால் இழந்தது எப்போது என்று கேட்டால் வாதம் தடுமாறுகிறது. கபடிக்கு எழுத்தில் விதி வகுக்கும் வேலை மகாராஷ்டிரத்தில் 1920களிலேயே நடந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலி இதைக் காட்சி ஆட்டமாக ஆடிக்காட்டியது. 1950இல் அகில இந்திய அமைப்பு உருவானது. ஆட்டமிழந்தவர் மறுபடி உயிர்பெற்றுத் திரும்பும் சஞ்சீவனி, எல்லோரும் வெளியேறும்வரை வெளியிலேயே நிற்கும் காமினி, தொட்டாலும் களத்திலேயே இருந்து புள்ளி மட்டும் போகும் அமர் எனப் பல வகைகள் இருந்தன. அவற்றுள் சஞ்சீவனியை ஒட்டியதே தேசிய விதியாயிற்று. தமிழ்நாட்டு ஊர்களில் ஊருக்கு ஒரு பாட்டும் ஊருக்கு ஒரு சட்டமுமாக இருந்த சடுகுடு இந்தக் கட்டத்திலேயே ஒதுங்கத் தொடங்கிவிட்டது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்க ஆட்டமானது. செயற்கை விரிப்பும் லீக் வருவதற்கு முன்பே சர்வதேசப் போட்டிகளுக்கு வந்துவிட்டது. ஆகவே இவ்வாதம் காக்க நினைக்கும் தூய ஆட்டம் என்பது, முந்தைய தலைமுறையின் கண்ணில் ஏற்கெனவே மாறிப்போன ஆட்டம். லீக் மாற்றத்தை விரைவுபடுத்தியது, காசாக்கியது என்று சொல்லலாம். தொடங்கிவைத்தது என்று சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் இவ்வாதத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். விரிப்பில் ஆட ஷூ வேண்டும், விரிப்பில் பழக விரிப்பு வேண்டும். மணலில் மட்டுமே பழகிய பையன் தேர்வு முகாமுக்குப் போனால், அவன் கால் வேறொரு தரையைச் சந்திக்கிறது. மண்ணில் பாதம் பதிந்து திரும்பும். விரிப்பில் அது பற்றிக்கொள்ளும். திறமை சமமாக இருந்தாலும், விரிப்பு வைத்திருக்கும் அகாடமியின் பையன் முன்னே நிற்கிறான். அழகு பற்றிய புகாராகத் தொடங்கியது இந்த இடத்தில் வாய்ப்பு பற்றிய புகாராகிறது. அதற்கு எதிர்த்தரப்பிடம் நல்ல பதில் இல்லை.

காசும் மரியாதையும்

எதிர்த்தரப்பின் வாதம் எளிமையானது. கபடிக்காரனுக்கு முன்பு என்ன கிடைத்தது? ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை, அதுவும் வெகுசிலருக்கு. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர், அர்ஜுனா விருதும் பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025இல் எடுத்த 'பைசன்' வரும்வரை தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அவரைத் தெரியாது. இந்திய அணி ஆசியத் தங்கங்களைத் தொடர்ந்து வென்ற காலத்திலும் ஒரு கபடி வீரரின் முகத்தைச் சாலையில் அடையாளம் காணும் நிலை வரவில்லை.

2014இன் முதல் ஏலத்தில் மிக உயர்ந்த தொகை ராகேஷ் குமாருக்குக் கிடைத்த 12.80 லட்சம். 2018இல் மோனு கோயத் 1.51 கோடிக்குப் போனார். 2022இல் பவன் செராவத்துக்குத் தமிழ் தலைவாஸ் கொடுத்தது 2.26 கோடி, மறு ஆண்டு அவருக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் கொடுத்தது 2.60 கோடி. இத்தகைய தொகைகள் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றும் என்பதில் ஐயமில்லை. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் லீக்கில் ஆடினார். 2016இல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது அணியின் தலைவர் அவர். பழைய ஏற்பாட்டில் அந்த வயதில் அவருக்குக் களமே இருந்திருக்காது.

ஆனால் இந்த வாதம் உச்சியை மட்டும் எண்ணுகிறது. லீக்கில் 12 அணிகள். ஓர் அணிக்கு அதிகபட்சம் 25 பேர். நாடு முழுவதற்கும், ஈரான் உள்ளிட்ட வெளிநாட்டு வீரர்களையும் சேர்த்து, 300 இடங்களுக்கு மேல் இல்லை. மரக்காணம் வட்டத்தில் மட்டும் எத்தனை குழுக்கள் பொங்கலுக்குக் களமிறங்குகின்றனவோ, அவற்றின் ஆட்டக்காரர்களைக் கொண்டே அந்த இடங்களில் கணிசமானவற்றை நிரப்பிவிடலாம் என்று தோன்றுகிறது. உச்சியில் கூலி பலமடங்கு ஏறியது உறுதி. அடியில் என்ன ஏறியது என்பதற்கு நம்பகமான கணக்கை இத்தரப்பு முன்வைப்பதில்லை. ஊர்ப்போட்டிகளின் பரிசுத்தொகை லீக்குக்குப் பின் கூடியதாகப் பலர் சொல்கிறார்கள். கூடியிருக்கலாம். அது விலைவாசியால் கூடியதா, லீக்கால் கூடியதா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பெண்கள் கணக்கு இன்னும் மோசம். 2016இல் மூன்று அணிகளுடன் ஒரு மகளிர் போட்டி ஆண்கள் லீக்கோடு ஒட்டி நடத்தப்பட்டது, அது தொடரவில்லை. இந்தியப் பெண்கள் 2010 முதல் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றவர்கள். 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். குடியிருப்பு வாரியப் பகுதியின் ஒரு மைதானத்திலிருந்து அவர் அங்கே போய்ச் சேர்ந்த வழியில் இந்த லீக் எங்குமே இல்லை. 'லீக் கபடியை உயர்த்தியது' என்ற வாக்கியத்தில் 'ஆண்கள்' என்ற சொல் விடுபட்டிருக்கிறது.

பெயரில் தமிழ்

மூன்றாவது வாதம் 2017இல் தமிழ் தலைவாஸ் வந்த பிறகு பிறந்தது. அவ்வாண்டுதான் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ்ச் சேனலும் தொடங்கியது. லீக்கை நடத்தும் மஷால் நிறுவனத்தை ஆனந்த் மகிந்திராவும் சாரு சர்மாவும் தொடங்கியிருந்தார்கள். 2015இல் அதன் 74 சதவீதப் பங்கு ஸ்டார் கைக்குப் போயிருந்தது. ஒளிபரப்பாளரே லீக்கின் பெரும் பங்குதாரர், அவருக்குத் தமிழில் புதுச் சேனல், தமிழ்நாட்டுக்குப் புது அணி. சந்தைக் கணக்கு வெளிப்படை. அணியின் உரிமையில் சச்சின் டெண்டுல்கரும் தெலுங்குத் திரையுலகினரும், விளம்பர முகமாகக் கமல்ஹாசன், அணித் தலைவராக இமாச்சலத்து அஜய் தாக்குர்.

அணி தோற்றபோது புகார் கூர்மையானது. முதல் சில பருவங்களில் தலைவாஸ் பட்டியலின் அடியில் கிடந்தது. பிரபஞ்சன் போன்ற தமிழ் வீரர்கள் அணிக்குள் வந்தார்கள், போனார்கள். முக்கிய இடங்கள் பெரும்பாலும் ஹரியானா வீரர்களுக்கே. 2022இல் பவன் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேற, இளம் வீரர் நரேந்தர் தலையெடுத்தார். அஷன் குமார் பயிற்சியில் அணி முதன்முறையாக அரையிறுதி கண்டது. அந்த வெற்றியைக் கட்டியவர்களும் பெரும்பாலும் வடக்கத்திய வீரர்களே. அப்போது புகார் தணிந்தது. மறு பருவம் தோற்றதும் திரும்பி வந்தது. இது எனக்கு முக்கியமான சான்றாகத் தெரிகிறது. வென்றால் மறைந்து தோற்றால் எழும் புகார், கொள்கையாக முழுவதும் ஊன்றவில்லை. ராஞ்சியில் பிறந்த தோனியைத் தம் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்ட ரசிகர்கள், வெளியூர்க்காரர் என்பதற்காகவே ஒருவரைத் தள்ளுவார்கள் என்று சொல்ல முடியாது.

மறுபக்கம், ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ கால்பந்துக் கழகம் பாஸ்க் நிலத்தில் பிறந்தவர்களையும் அங்கே வளர்ந்தவர்களையும் மட்டுமே வைத்து முதல்தர லீக்கிலிருந்து ஒருபோதும் இறங்காமல் ஆடிவருகிறது. உள்ளூர்க்காரரை வைத்து வெல்ல முடியாது என்ற பேச்சுக்கு அது நேரடி மறுப்பு. ஆனால் பில்பாவோவின் உரிமை அதன் உறுப்பினர்களிடம் இருக்கிறது; இளையோரை வளர்க்கும் பள்ளியும் அதனிடமே இருக்கிறது. ஏலத்தில் ஆள் எடுக்கும் ஓர் அமைப்பில், உள்ளூர்ப் பையனைப் பத்தாண்டு வளர்த்தாலும் பலன் வளர்த்தவருக்கே கிடைக்கும் என்ற உறுதி குறைவு. ஆக, வீரரின் பிறப்பூர் என்ற வடிவில் எழும் கேள்விக்கு அடியில் கிடப்பது ஏலமுறை. ரசிகர்களின் சண்டை பெரும்பாலும் அந்த ஆழத்துக்குப் போவதில்லை.

வேறு வழி தேடியவர்கள்

லீக்கையும் ஏற்காமல், ஊர்க்களத்தோடும் நின்றுவிடாமல், ஆட்டக்காரர்களுக்குப் பங்கு தரும் ஒரு போட்டி அமைப்பை உருவாக்கலாம் என்பது நான்காவது நிலைப்பாடு. இதற்கு ஒரு முயற்சி நடந்தது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் தேசியக் கபடி சம்மேளனத்தில் ஜனார்தன் சிங் கெலோட்டின் வாழ்நாள் தலைமையைச் செல்லாதென அறிவித்து, நிர்வாகியை நியமித்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே குடும்பத்தின் பிடியில் அமைப்பு இருந்தது என்ற முறையீட்டின் விளைவு அது. அச்சூழலில், நியூ கபடி சம்மேளனம் என்ற போட்டி அமைப்பின் ஆதரவில், 2019 மே மாதம் இந்தோ இன்டர்நேஷனல் பிரீமியர் கபடி லீக் தொடங்கியது. எட்டு அணிகள், அவற்றில் சென்னை சேலஞ்சர்ஸும், மரக்காணத்துக்கு மிக அருகிலான பாண்டிச்சேரி பிரிடேட்டர்ஸும் உண்டு. வருவாயில் ஆட்டக்காரர்களுக்குப் பங்கு என்பது அதன் முக்கிய அறிவிப்பு. பெங்களூரு ரைனோஸ் கோப்பை வென்றது. இரண்டாம் பருவம் வரவில்லை.

இதைத் தோல்வி என்று கடந்துபோகிறவர்கள் அதிகம். அவ்வளவு விரைவில் முடிவுகட்டுவதற்கில்லை என்றே நினைக்கிறேன். அங்கீகாரம் இல்லாத அமைப்பில் ஆடினால் தேசிய அணிக்குள் நுழையும் வழி அடைபடும் என்ற அச்சம் ஆட்டக்காரருக்கு எப்போதும் உண்டு. அரசு வேலை கிடைப்பதும் அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழைப் பொறுத்தே. இந்த நிலையில் மாற்று லீக் ஒன்று பிழைக்காமல் போனதால் அந்த எண்ணமே தவறென்று ஆகிவிடாது. ஆனால் முதலீடும் தொடர்ந்த ஒளிபரப்பும் இல்லாமல் பங்கு தருவதாகச் சொல்வது, பங்கு போட எதுவும் மிஞ்சாத நிலையில் போய் முடியக்கூடும் என்ற விமர்சனத்தையும் ஒதுக்க முடியாது.

ஊர்க்களம் மாசற்றதா?

இவ்விவாதத்தில் மிகக் குறைவாக ஆராயப்படுவது ஊர்க்களமே. லீக்கை எதிர்ப்பவர்கள் அதை எல்லோருக்குமான வெளி என்று காட்டுகிறார்கள். குழு என்பது பெரும்பாலும் தெரு, குப்பம், காலனி என்ற எல்லைக்குள் அமைவது. அந்த எல்லைகள் சாதியின் எல்லைகள். 2013 ஏப்ரலில் மரக்காணத்திலேயே சாதி மோதல் வெடித்து வீடுகள் எரிந்தன. அத்தகைய இடத்தில் இரு பகுதிப் பையன்கள் உடலோடு உடல் மோதும் ஆட்டம் பகையைத் தணிக்கவும் கூடும், கிளறவும் கூடும். இரண்டும் நடந்திருக்கின்றன. பல ஊர்களில் பொதுப் போட்டிக்கு அனுமதி கேட்டால் காவல்துறை தயங்குவதன் பின்னணியும் இதுவே.

அடுத்தது காயம். 2022 ஜூலையில், பக்கத்து மாவட்டமான கடலூரில், பண்ருட்டி அருகே ஊர்ப்போட்டி ஒன்றில் பாடிப் போன 22 வயது வீரர் களத்திலேயே விழுந்து இறந்தார். லீக் அரங்கில் மருத்துவர் பத்தடியில் நிற்கிறார். மின்னொளிப் போட்டியில் ஆம்புலன்ஸ் நிற்பது நடத்துகிறவர்களின் பொறுப்புணர்வைச் சார்ந்தது.

உயிர் போகாத காயத்தின் விலை பற்றி யாருமே பேசுவதில்லை. பொங்கல் ஆட்டத்தில் முழங்கால் பிசகும் மாதமும், உப்பளத்தில் பாத்தி மிதித்துப் பதப்படுத்தும் வேலை தொடங்கும் மாதமும் ஒன்றே. காலை ஊன்ற முடியாத தொழிலாளிக்கு அந்த ஆண்டின் வருமானமே ஆட்டங்காண்கிறது. மேமாதப் போட்டியில் தோள்பட்டை விலகியவர் தடைக்காலம் முடியும்போது வலை இழுக்க முடியாது. ஊர்க்கபடியின் பெருமை என்று கொண்டாடப்படும் துணிச்சலுக்கான செலவு முழுவதையும் ஆட்டக்காரரின் வீடுதான் ஏற்கிறது. ஊர்க்களத்தை லீக்கிடமிருந்து காப்பாற்றச் சொல்லும் எழுத்துகளில் இது இடம்பெறாமல் போவது வருத்தத்துக்குரியது. அந்த ஆட்டத்தின் மேல் உண்மையான அன்பு உள்ளவர்கள் முதலில் கேட்க வேண்டியது காப்பீடு.

தீராதவை

விதிகள் கெட்டன என்ற வாதம் வரலாற்றின் முன் பலவீனமாக நிற்கிறது. அதிலிருந்து பிரிந்து வரும் விரிப்பு, பயிற்சி வசதி பற்றிய வாதம் வலுவாக நிற்கிறது. காசு வந்தது என்ற வாதம் உச்சியைப் பொறுத்தவரை உண்மை. பெண்களைப் பொறுத்தவரை அதற்கு ஆதாரம் குறைவு. தமிழ் அணி என்ற வாதம் வீரரின் ஊரைப் பற்றியதாக இருக்கும்வரை நிலைக்காது. வளர்ப்பவருக்குப் பலன் சேரும் முறையைப் பற்றியதாக மாறினால் விவாதிக்கத் தக்கது. இவ்வளவும் ஓரளவு உறுதியோடு சொல்லலாம்.

லீக்கின் பணத்தில் ஒரு பகுதி ஊர்க்குழுக்களுக்குத் திரும்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பது திறந்தே கிடக்கிறது. ஐரோப்பியக் கால்பந்தில், ஒரு வீரர் விலைபோகும்போது அவரைச் சிறுவயதில் வளர்த்த சிறு கழகத்துக்கும் பங்கு போகும் விதி உண்டு. கபடியில் வளர்த்த குழு எது என்று பதிவே இல்லை. பதிவு செய்யத் தொடங்கினால், வசூல் நோட்டோடு நடக்கும் ஒரு குப்பத்துக் குழு சங்கமாகவும் கணக்காகவும் மாற வேண்டியிருக்கும். உள்ளூர்ச் செல்வாக்குள்ளவர் கையில் அது சிக்கவும் கூடும். பதிவு செய்யாவிட்டால் பணமும் காப்பீடும் வராது. சுயேச்சையில் எவ்வளவை விட்டுக்கொடுத்து எவ்வளவு பாதுகாப்பை வாங்குவது என்பதை ரசிகர்களோ கட்டுரையாளர்களோ தீர்மானிக்க முடியாது. பொங்கலுக்குக் கோடு போடுகிறவர்களிடம் இதுவரை யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.